பேராக் கொடியில வெள்ளை யாரு, மஞ்சள் யாரு, கறுப்பு யாரு?

ஆகஸ்டு மாசம் பொறந்துட்டாலே மலேசியாவுல பேராக் மாநிலத்துல இருக்கற எங்க சுங்கை சிப்புட் கடைத்தெரு பூரா கொடி ஏறிடும், நாட்டுக் கொடி ஒரு பக்கம், பேராக் மாநிலக் கொடி ஒரு பக்கம், தோட்டத்து ஆபீஸ் வாசல், தமிழ்ப்பள்ளி கேட், கோயில் மண்டபம், மோட்டார் சைக்கிள் கடை, எங்க பாத்தாலும் கொடிதான். அதே நேரத்துலதான் பிள்ளைங்களுக்கு ஃபோலியோ வேலையும் வரும், மாநிலச் சின்னங்களும் அதோட அர்த்தமும்னு தலைப்பு போட்டு படம் ஒட்டி எழுதிட்டு வரச் சொல்லுவாங்க. பெரும்பாலான பிள்ளைங்க எழுதறது ஒரே மாதிரிதான் இருக்கும்: வெள்ளைன்னா தூய்மை, மஞ்சள்னா அரச மரியாதை, கறுப்புன்னா வீரம். பெத்தவங்களும் சரின்னு தலையாட்டிடுவாங்க, ஏன்னா நாமளும் அப்படித்தானே படிச்சோம்.

ஆனா பேராக் கொடிக்கு அந்த அர்த்தம் பொருந்தாது. மேல வெள்ளை, நடுவுல மஞ்சள், கீழ கறுப்பு, மூணும் மூணு ஆளுங்களைக் குறிக்குது. வெள்ளை சுல்தானுக்கு. மஞ்சள் ராஜா மூடாவுக்கு, அதாவது அடுத்து சுல்தான் ஆகப்போறவருக்கு. கறுப்பு ராஜா டி ஹிலிருக்கு, அவருக்கும் அடுத்த வரிசையில இருக்கறவருக்கு. மூணு பட்டையும் சேர்ந்து அரியணை வரிசையை மேலேர்ந்து கீழ காட்டுது. வேற எந்த மாநிலக் கொடியிலயும் வாரிசு வரிசையை இவ்வளவு வெளிப்படையா போட்டு நான் பாக்கல. பேராக்னா வெள்ளி, இங்க ஈயம் நிறைய கிடைச்சது, அதனாலதான் வெள்ளைன்னு சொல்றவங்களும் இருக்காங்க, கேக்க நல்லாத்தான் இருக்கு, ஆனா கொடியோட கணக்கு அது இல்ல.

இந்த வரிசை ஏன் இவ்வளவு முக்கியம்னு புரியணும்னா பேராக் அரச வம்சம் எங்கேர்ந்து வந்துச்சுன்னு பாக்கணும். மலாக்காவை 1511-ல போர்த்துகீசியர் பிடிச்சதுக்கப்புறம் அங்க கடைசியா ஆண்ட சுல்தான் மஹ்மூட் ஷாவோட மகன் முசாபர் ஷா 1528-ல பேராக்குக்கு முதல் சுல்தானா வந்தார், அதாவது மலாக்கா அரச வம்சத்தோட நேரடிக் கிளை இங்கதான் ஓடுது. மத்த சில மாநிலங்கள்ல அப்பாவுக்கு அப்புறம் மூத்த மகன்னு ஒரே கோடா போகும், இங்க அப்படி இல்ல, அரச குடும்பத்துல கிளைங்க உண்டு, ஒவ்வொருத்தருக்கும் பட்டம் உண்டு, பட்டத்துல ஒவ்வொரு படியா ஏறித்தான் மேல வருவாங்க. 2014 மே மாசம் சுல்தான் அஸ்லான் ஷா காலமானப்போ ராஜா மூடாவா இருந்த ராஜா நஸ்ரின் சுல்தான் ஆனார். கொடியோட பாஷையில சொன்னா மஞ்சள்ல இருந்தவர் வெள்ளைக்கு வந்தார், அப்ப மஞ்சளுக்கும் கறுப்புக்கும் புது ஆளுங்க நியமனம் ஆவாங்க. அந்தச் சமயத்துல கொடி அரைக்கம்பத்துல பறந்ததை எங்க ஊர்ல எல்லாரும் பாத்திருப்போம், ஆனா அந்தக் கொடியே இந்த மாற்றத்தைத்தான் சொல்லுதுன்னு எத்தன பேருக்குத் தெரிஞ்சிருக்கும்?

எனக்கு இதுல ஒரு உறுதியான அபிப்பிராயம் உண்டு. ஒரு மாநிலத்தோட சின்னத்தை நல்ல குணங்களோட பட்டியலா படிக்கக் கூடாது. அது ஒரு பதிவேடு. வரைஞ்ச காலத்துல யாரு கையில அதிகாரம் இருந்துச்சு, எந்தப் பயிர் காசு குடுத்துச்சு, யாரு யாரோட கூட்டு சேந்தாங்க, இதெல்லாம் அதுல எழுதியிருக்கு. அப்படிப் படிச்சா என்ன இருக்குன்னு தெரியறதோட என்ன இல்லைங்கறதும் சேந்தே தெரியும், அது நம்ம தோட்டத்து ஜனங்களுக்கு ரொம்ப முக்கியம்.

பேராக்கோட சின்னங்கள்ல கொடிக்கு அடுத்து பாட்டு. பேராக் பள்ளிக்கூடத்துல படிச்ச எல்லாருக்கும் இது தெரியும், திங்கக்கிழமை சபைகூடல்ல நெகாராகூ, அதான் தேசிய கீதம், பாடி முடிச்சதும் மாநிலப் பாட்டு வரும், ரெண்டுக்கும் மெட்டு ஒண்ணே, வார்த்தை மட்டும்தான் வேற. சின்ன வகுப்புப் பிள்ளைங்க ரெண்டையும் குழப்பி, நெகாராகூ நடுவுல மாநிலப் பாட்டு வரியைப் பாடிடும். வெளி மாநிலத்துலேர்ந்து மாத்தலாகி வர்ற டீச்சருங்க முதல் வாரம் திகைச்சு நிப்பாங்க, என்னடா இது திரும்பவும் நெகாராகூ போடறாங்கன்னு. நடந்தது என்னன்னா, சுதந்திரம் வர்றதுக்கு முன்னால நாட்டுக்குன்னு ஒரு பாட்டு வேணும்னு போட்டி வச்சாங்க, 500-க்கும் மேல பாட்டு வந்துச்சு, எதுவும் மனசுக்குப் பிடிக்கல. கடைசியில மாநிலப் பாட்டுங்களை எல்லாம் கேட்டுப் பாத்துட்டு, நாட்டோட முதல் பிரதமரான துங்கு அப்துல் ரஹ்மான் பேராக்கோட மெட்டைத் தேர்ந்தெடுத்தார். அப்ப பேராக் சுல்தானா இருந்தவர் யூசோப் இசுடின் ஷா, அவர் சம்மதத்தோட மெட்டு நாட்டுக்குப் போச்சு, 1957-லேர்ந்து இன்னிக்கு வரைக்கும் அதுதான். பேராக்கும் தன்னோட பாட்டை விட்டுக்குடுக்காம அதே மெட்டுல, சுல்தானுக்கு ஆயுள் நீளணும்னு வேண்டற பழைய வரிகளோடயே வச்சிருக்கு. ஒரு மாநிலத்தோட சின்னம் நாட்டோட சின்னமாகவும் ஆன கதை, அது நம்ம மாநிலத்தோடதுங்கறதுல எனக்குப் பெருமை உண்டு.

அரச ஆயுதங்களைப் பத்தி ரெண்டு வார்த்தை. பழைய மலாக்கா வீரர் ஹங் துவாவோட கைல இருந்ததா கதைகள் சொல்ற தாமிங் சாரி கிரிஸ், அதாவது மலாய்க் குறுவாள், பேராக் அரச சொத்துல இருக்கு, மலாக்காவுல இல்ல. மேல சொன்ன அந்த 1528 வம்சத் தொடர்ச்சிதான் காரணம்னு சொல்லுவாங்க. மலாக்கா மாநிலச் சின்னத்துல அஞ்சு கிரிஸ் வரைஞ்சிருக்கும், ஹங் துவாவும் அவரோட நாலு தோழர்களும்: ஜெபாட், கஸ்தூரி, லெகிர், லெகியு. மலாக்கா படமா வச்சிருக்கறதை பேராக்கோட அரச நகரமான கோலாகங்சார்ல அரண்மனை பொருளா வச்சிருக்கு.

இப்ப பாஸ்போர்ட்டை எடுத்து அட்டையைப் பாருங்க. ரெண்டு புலி தூக்கிப் பிடிச்சிருக்கற கேடயம், அதான் ஜாத்தா நெகாரா, நாட்டோட சின்னம். இதைப் படிக்கத் தெரிஞ்சா மலாயா சரித்திரத்துல பாதி படிச்ச மாதிரி. கேடயத்து மேல்பக்கம் அஞ்சு கிரிஸ் வரிசையா இருக்கும், அது ஜொகூர், கெடா, பெர்லிஸ், கிளந்தான், திரங்கானு, அதாவது பிரிட்டிஷ்காரன் காலத்துல கூட்டமைப்புல சேராம தனித்தனியா இருந்த அஞ்சு மலாய் மாநிலங்கள். (மலாக்கா சின்னத்துல இருக்கற அஞ்சு கிரிஸோட இதைக் குழப்பிக்கக் கூடாது, எண்ணிக்கை மட்டும்தான் ஒண்ணு.) நடுவுல நாலு கலர் கட்டம், சிவப்பு, கறுப்பு, வெள்ளை, மஞ்சள். இந்த நாலு கலரை நாலு இனம்னு எழுதின ஃபோலியோ நான் பாத்திருக்கேன், தப்பு. 1895-ல ஒப்பந்தம் போட்டு 1896-ல நடைமுறைக்கு வந்த ஐக்கிய மலாய் மாநிலங்கள் நாலு: பேராக், சிலாங்கூர், நெகிரி செம்பிலான், பகாங். அந்த நாலு கொடியோட கலருங்களைச் சேத்தா இந்த நாலுதான் வரும். சிலாங்கூருக்கு சிவப்பும் மஞ்சளும், பகாங்குக்கு வெள்ளையும் கறுப்பும், நெகிரிக்கு சிவப்பு கறுப்பு மஞ்சள், நமக்கு வெள்ளை மஞ்சள் கறுப்பு. புலியும் அந்தக் கூட்டமைப்புலேர்ந்து வந்ததுதான், அப்பவே அதோட கொடி நடுவுல பாயற புலி இருந்துச்சு. அந்த நாலு கலர் கட்டத்துக்கு ரெண்டு ஓரமும் ஒரு பக்கம் பினாங்கோட பாக்கு மரம், இன்னொரு பக்கம் மலாக்கா மரம், ஏன்னா இந்த ரெண்டுலயும் சுல்தான் இல்ல, பிரிட்டிஷ்காரனோட நேரடி ஆட்சியில இருந்த இடங்கள், அதனால கலருக்குப் பதிலா மரம். யாரு எந்த மாதிரி ஆட்சியில இருந்தாங்கங்கறது இந்தக் கேடயத்துல அப்படியே கோடு போட்டுப் பிரிச்சிருக்கு.

கீழ்ப்பகுதிதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம். இடது பக்கம் சபா, வலது பக்கம் சரவாக், நடுவுல செம்பருத்திப் பூ. அந்தப் பூ முதல்ல அங்க இல்ல. 1963-ல மலேசியா உருவானப்போ அந்த நடு இடம் சிங்கப்பூருக்கு, பிறையும் அஞ்சு நட்சத்திரமும் அங்க இருந்துச்சு. 1965 ஆகஸ்டு 9-ல சிங்கப்பூர் பிரிஞ்சு போனதும் அந்த இடத்துக்கு செம்பருத்தி வந்துச்சு. நாட்டுக் கொடியில இருக்கற 14 பட்டைக்கும் நட்சத்திரத்தோட 14 முனைக்கும் இதே கதைதான். முதல்ல 1950-ல ஏத்துக்கிட்ட மலாயாக் கொடியில 11 பட்டை, நட்சத்திரத்துக்கு 11 முனை, ஜொகூர் பொதுப்பணித் துறையில வேலை பாத்த முகமது ஹம்சா வரைஞ்சது, 11 மாநிலத்துக்கு 11. சபா, சரவாக், சிங்கப்பூர் சேந்ததும் 14 ஆச்சு. சிங்கப்பூர் போனப்புறம் 13-ன்னு குறைக்கல, 14-ஐ அப்படியே வச்சுக்கிட்டு, 13 மாநிலமும் ஒரு மத்திய அரசும்னு விளக்கம் மாறிடுச்சு. படம் அப்படியே இருக்கும், அர்த்தம் மாறிக்கிட்டே வரும், இதைப் புரிஞ்சுக்கிட்டா எந்தச் சின்னத்தையும் பயம் இல்லாம படிக்கலாம்.

செம்பருத்தியோட சொந்தக் கதையும் அப்படித்தான். 1958-ல விவசாய அமைச்சு தேசியப் பூவுக்கு சில பூக்களை முன்வச்சுச்சு, அந்தப் பட்டியலைப் பாத்தா நம்ம கோயில் வாசல் பூக்கூடை மாதிரியே இருக்கும்: செம்பருத்தி, மல்லிகை, தாமரை, ரோஜா, செண்பகம், மகிழம்பூ, அதோட கெனாங்கா. 1960 ஜூலை 28-ல துங்கு செம்பருத்தியைத் தேசியப் பூன்னு அறிவிச்சார், எங்க ஊர்க்காரர் துன் சம்பந்தன் அப்ப அவரோட அமைச்சரவையில இருந்தார். இப்ப எல்லாப் பாடப் புத்தகத்துலயும் அஞ்சு இதழும் ருக்குன் நெகாராவோட, அதாவது தேசியக் கோட்பாட்டு உறுதிமொழியோட, அஞ்சு கோட்பாடுன்னு இருக்கும். ஆனா ருக்குன் நெகாரா வந்தது 1970-ல, அதாவது 1969 இனக் கலவரத்துக்கு அப்புறம், பூ அறிவிச்சு பத்து வருஷம் கழிச்சு. பூவைத் தேர்ந்தெடுத்தப்போ அந்த அஞ்சு கோட்பாடே எழுதப்படல. அதனால அந்த விளக்கம் பொய்யின்னு நான் சொல்ல வரல, ஒரு பெரிய காயத்துக்கு அப்புறம் இந்த நாடு தன்னை ஒட்டவைக்க ஏற்கெனவே கையில இருந்த பூவுக்கு ஒரு புது வேலை குடுத்துச்சு, அது நல்ல காரியம். எது முன்னாடி எது பின்னாடின்னு தெரிஞ்சுக்கறதுல அதோட மதிப்பு கூடத்தான் செய்யும்.

இன்னொண்ணு, செம்பருத்தி இந்த மண்ணுல தானா மொளைச்ச காட்டுச் செடி இல்ல. அதுவும் ரொம்பக் காலத்துக்கு முன்னால வெளியிலேர்ந்து வந்து இங்க வேர் பிடிச்சதுதான். தோட்டத்துல தொழிலாளிங்க இருந்த லயத்து வீட்டு வேலி ஓரத்துலயும், காளியம்மன் கோயில் பக்கத்துலயும் நம்ம பாட்டிங்க வச்சு வளர்த்தாங்க, காளிக்கு செம்பருத்தி மாலைன்னா தனி விசேஷம். இந்த விஷயத்தை ஞாபகத்துல வச்சுக்குங்க, பின்னாடி ரப்பருக்கு வரும்போது தேவைப்படும்.

பயிருக்கு வருவோம். கெடா கொடியில நெற்கதிர், அதைப் பத்தி ரொம்ப விளக்க வேண்டாம், நாட்டோட நெற்களஞ்சியம்னு பேர் வாங்கின இடம், வட கெடாவுல பஸ்ஸுல போனா ரெண்டு பக்கமும் வயல்தான். பினாங்கு கொடியில நீலம், வெள்ளை, மஞ்சள், நடுவுல பாக்கு மரம், கடலும் அமைதியும் செழிப்பும்னு அர்த்தம். மலாக்கா மரம் நெல்லி இனம், மலாக்காவை உருவாக்கின பரமேஸ்வரா அந்த மரத்தடியில உக்காந்திருந்தப்போ ஒரு சருகுமான் வேட்டை நாயை எத்தித் தள்ளின கதை எல்லாருக்கும் தெரியும், அந்தச் சருகுமானும் மாநிலச் சின்னத்துல ரெண்டு பக்கமும் நிக்குது.

ஆனா பயிர்ச் சின்னத்துல ஆழமான கதை ஜொகூரோடது. ஜொகூர் சின்னத்துல ரெண்டு புலி, பிறை நட்சத்திரம், அதோட மிளகும் காம்பிர் இலையும் இருக்கும். காம்பிர்னா இந்தக் காலத்துப் பிள்ளைங்களுக்குத் தெரியாது, வெத்தலையோட சேத்து மெல்லற துவர்ப்புப் பொருள் அந்த இலையைக் காய்ச்சித்தான் எடுப்பாங்க, தோல் பதனிடவும் சாயத்துக்கும் உலகம் பூரா ஏத்துமதி ஆச்சு. 19-ஆம் நூற்றாண்டுல தெமெங்கோங் இப்ராஹிமும் அப்புறம் சுல்தான் அபு பக்காரும் சீன விவசாயிங்களுக்கு ஆத்தோரமா நிலம் குடுத்து மிளகும் காம்பிரும் போட வச்சாங்க, ஒவ்வொரு ஆத்துக்கும் ஒரு தலைவர், அவருக்குக் காங்ச்சூன்னு பேர். ஜொகூர் கஜானா அப்ப நிறைஞ்சது அந்த வருமானத்துலதான். 20-ஆம் நூற்றாண்டு தொடங்கினதும் காம்பிர் விழுந்துச்சு, ரப்பர் ஏறுச்சு, காம்பிர் போட்ட நிலமெல்லாம் ரப்பராச்சு, இப்ப ரப்பரும் போய் செம்பனையாச்சு. சின்னத்துல மட்டும் அந்த இலை இன்னும் பச்சையா இருக்கு. இங்க கவனிக்க வேண்டியது, அந்தப் பயிரைப் போட்டவங்க வெளியிலேர்ந்து வந்தவங்க, இருந்தும் அவங்க உழைப்புல விளைஞ்சது அரச சின்னத்துல ஏறுச்சு, ஏன்னா அது நேரடியா மாநிலத்தோட வருமானம்.

எண்ணிக்கை விஷயத்துலயும் பழசு அப்படியே தங்கிடும். நெகிரி செம்பிலான் சின்னத்துல ஒன்பது நெற்கதிர், பழைய ஒன்பது பகுதிங்களுக்கு, இப்ப அங்க மாவட்டம் ஏழுதான். சரவாக் கொடியில ஒன்பது முனை நட்சத்திரம், 1988-ல ஏத்துக்கிட்டப்போ ஒன்பது பிரிவு, இப்ப 12. யாரும் கதிரைப் பிடுங்கவும் இல்ல, முனையைக் கூட்டவும் இல்ல.

மிச்ச மாநிலங்களைச் சீக்கிரமா பாத்துடலாம், ஏன்னா அதுல பெரும்பாலும் ஒரே எண்ணம்தான், அரசரும் குடிமக்களும். பெர்லிஸ்ல மேல மஞ்சள் அரசர், கீழ நீலம் மக்கள். பகாங்ல மேல வெள்ளை சுல்தான், கீழ கறுப்பு மக்கள், அதோட சின்னத்துல யானைத் தந்தமும் உண்டு. திரங்கானு மட்டும் இந்த எண்ணத்தைக் கொஞ்சம் அழகா மாத்திப் போட்டிருக்கு, நடுவுல கறுப்பு, சுத்தி வெள்ளைக் கரை, அதாவது சுல்தான் மக்களைச் சுத்தி நின்னு காக்கறார்னு. கிளந்தான் சின்னத்துல இருக்கற கிஜாங் மானை நீங்க நாட்டோட மத்திய வங்கியான பேங்க் நெகாரா சின்னத்துலயும் பாக்கலாம், பழைய கிளந்தான் தங்கக் காசோட தொடர்பு. சபாவுக்கு கினாபாலு மலை, சரவாக்குக்கு கென்யாலாங், அதான் இருவாச்சிப் பறவை, இது ரெண்டும் அரசரைப் பத்தி இல்லாம அந்த மண்ணைப் பத்தி இருக்கறதுக்குக் காரணம் அங்க சுல்தான் பரம்பரை ஆட்சி இல்லாததுதான்.

கோயில் கமிட்டி, சங்கம் நடத்தறவங்களுக்கு ஒரு விஷயம், நடுவுல சொல்லிடறேன். அழைப்பிதழ்லயும் பேனர்லயும் அழகா இருக்கும்னு ஜாத்தாவையோ மாநிலச் சின்னத்தையோ எடுத்துப் போட்டுடறாங்க. 1963-லயே சின்னங்களையும் பெயர்களையும் தவறாப் பயன்படுத்துறதைத் தடுக்க சட்டம் வந்தாச்சு, தொழிலுக்கோ வியாபாரத்துக்கோ அனுமதி இல்லாம போடக் கூடாது. கொடி ஏத்தறது வேற, சின்னத்தை அச்சடிக்கறது வேற. சந்தேகம்னா மாவட்ட ஆபீஸ்ல கேட்டுட்டுப் போடறது நல்லது.

இப்ப ரப்பர். எங்க சொந்தத்துல நாலாம் வகுப்பு படிக்கற பிள்ளை ஒண்ணு ஃபோலியோவுக்கு எல்லா மாநிலச் சின்னத்தையும் வெட்டி ஒட்டிக்கிட்டு இருந்துச்சு, திடீர்னு நிமிந்து கேட்டுச்சு.

"சித்தப்பா, நெல்லு இருக்கு, மிளகு இருக்கு, பாக்கு மரம் இருக்கு. பாட்டி வெட்டுன பால் மரம் எந்த ஸ்டேட்ல இருக்கு?"

"ஒண்ணுலயும் இல்லம்மா."

"ஏன்? நம்ம ஊர்ல அவ்ளோ இருந்துச்சுன்னு சொன்னீங்களே."

நியாயமான கேள்வி, அதுக்கு ஒழுங்கா பதில் சொல்லணும். 13 மாநிலத்துச் சின்னத்துலயும் ரப்பர் மரம் இல்ல. அதுவும் பேராக்ல இல்லாதது யோசிக்க வைக்குது, ஏன்னா மலாயா ரப்பரோட கதையில முதல் பக்கமே இங்கதான். பிரேசில்லேர்ந்து விதை லண்டன் கியூ தோட்டத்துக்குப் போய், அங்க மொளைச்ச நாத்துல 22 நாத்து 1877-ல சிங்கப்பூருக்கு வந்துச்சு, அதுல 9 நாத்து கோலாகங்சாருக்கு வந்து, அப்ப பேராக் ரெசிடெண்ட்டா, அதாவது சுல்தானுக்குப் பக்கத்துல பிரிட்டிஷ் ஆலோசகரா, இருந்த ஹியூ லோ அதை நட்டார். அதுல ஒரு மரம் இன்னும் கோலாகங்சார்ல மாவட்ட ஆபீஸ் பக்கத்துல நிக்குது, எங்க ஊர்லேர்ந்து கார்ல போனா ரொம்ப நேரம் ஆகாது. நம்ம பக்கத்து ஆளுங்க எத்தனையோ தடவை அந்த வழியா போயிருப்போம், இறங்கிப் பாத்தவங்க கம்மி.

ரப்பர் சின்னத்துல வராததுக்கு முதல் காரணம் காலம். 1877-ல நட்டாலும் யாரும் அதை உடனே பெருசா எடுத்துக்கல, வியாபாரத்துக்குன்னு முதல்ல தோட்டம் போட்டவர் மலாக்காவுல டான் சாய் யான், அது 1896-ல. அதுக்கப்புறம் மோட்டார் கார் வந்து டயருக்கு ரப்பர் வேணும்னு ஆனப்புறம்தான் காடு காடா அழிச்சுத் தோட்டம் போட்டாங்க, கப்பல் கப்பலா நம்ம தாத்தா பாட்டிங்க, ஆள் சேத்துக் கூட்டிட்டு வந்த கங்காணி பின்னாடி வந்து இறங்கினாங்க. மலாய் அரசுகளோட கலருங்களும் அடையாளங்களும் வேரு விட்டது அதுக்கு முன்னாலயே. ஜொகூருக்குக் காம்பிர் வந்தது அது முந்திக்கிட்டதாலதான்.

ஆனா காலம் மட்டும் காரணம்னு சொன்னா எனக்குத் திருப்தி இல்ல. பினாங்கு சின்னத்துல இன்னிக்கு 1985-ல திறந்த பினாங்குப் பாலமும் இருக்கு, அதாவது புதுசா சேக்கணும்னு நினைச்சா சேக்க முடியும். வெளியிலேர்ந்து வந்த செடிங்கறதும் காரணம் ஆகாது, செம்பருத்தியைத்தான் மேல பாத்தோமே. என் புத்திக்குப் படறது இதுதான்: நெல்லை மலாய்க் குடியானவங்க தங்க சொந்த வயல்ல போட்டாங்க, மிளகும் காம்பிரும் ஜொகூர் அரசரோட அனுமதிச் சீட்டுல வளந்துச்சு, ரப்பர் கம்பெனியோடது. லண்டன்ல பங்கு வித்து, இங்க வெள்ளைக்காரத் துரையை வச்சு, கணக்குப் பாக்கற கிராணியும் கங்காணியும் நடுவுல நின்னு நடந்த தொழில் அது. விடியறதுக்கு முன்னால பெரட்டுக்கு, அதாவது பேர் கூப்பிடற இடத்துக்கு, போய் நின்னு, பால் வெட்டி, வாளியைக் காண்டாவுல, அதான் தோள் கம்புல, தூக்கிட்டு ஸ்டோருக்கு நடந்தவங்களுக்கு அந்த மரத்துல ஒண்ணு கூட சொந்தம் இல்ல. சொந்தம் கொண்டாட உள்ளூர்ல ஆள் இல்லாத பயிர், அதனால அதைச் சின்னத்துல ஏத்தணும்னு கேக்கவும் யாரும் வரல. பிற்பாடு அந்தத் தோட்டங்கள் கைமாறுனப்பவும் துண்டு துண்டா வித்தப்பவும் மரத்தை வெட்டிட்டு செம்பனை போட்டாங்க, கேட்டிருக்கக் கூடிய ஜனங்களும் லயத்தை விட்டு டவுனுக்கும் தாமானுக்கும், அதான் குடியிருப்புப் பகுதிக்கும், வந்துட்டாங்க.

பேராக் ஈயத்துக்கும் கொடியில கலர் கிடையாதுங்கறதை இங்க சேத்துச் சொல்லணும். லாருட்ல ஈயத்துக்காகச் சண்டை நடந்து, அதனால 1874-ல பங்கோர் ஒப்பந்தம் வந்து, பிரிட்டிஷ்காரன் உள்ள நுழைஞ்சு, 1885-ல தைப்பிங்லேர்ந்து போர்ட் வெல்ட்டுக்கு நாட்டோட முதல் ரயில் பாதை போட்டதும் ஈயத்துக்காகத்தான். அப்படிப்பட்ட ஈயத்துக்கே இடம் இல்ல. கொடி அரியணையைப் பத்திப் பேசுது, சுரங்கத்தைப் பத்தியோ தோட்டத்தைப் பத்தியோ அது பேச வரல. அதனால ரப்பர் இல்லாததை நமக்குன்னு செஞ்ச அவமரியாதையா எடுத்துக்க வேண்டாம்னு நான் அந்தப் பிள்ளைகிட்ட சொன்னேன். ஆனா இல்லைங்கறதை எழுதாம விடவும் கூடாதுன்னு சேத்துச் சொன்னேன், ஃபோலியோவுல அதுக்குன்னு ஒரு பக்கம் ஒதுக்கச் சொன்னேன்.

அந்தப் பக்கத்துல ஒட்டறதுக்கு ஒரு படமும் இருக்கு. மாநிலத்துக்கு மாநிலம் தனித் தனியா ஸ்டாம்பு போடறது நம்ம நாட்டுல பழைய வழக்கம், 1965-ல ஆர்க்கிட், 1971-ல வண்ணத்துப்பூச்சி, 1979-ல பூக்கள், அப்புறம் 1986-ல விவசாயப் பயிர் வரிசை. ஒரே படத்தை எல்லா மாநிலத்துக்கும் வச்சு, சுல்தான் இருக்கற இடத்துல சுல்தான் முகம், இல்லாத இடத்துல மாநிலச் சின்னம்னு போடுவாங்க. அந்த 1986 வரிசையில ஒரு காசுக்குக் காப்பி, ரெண்டு காசுக்குத் தேங்காய், அஞ்சு காசுக்குக் கொக்கோ, பத்து காசுக்கு மிளகு, 20 காசுக்குச் செம்பனை, 30 காசுக்கு நெல்லு. 15 காசு ஸ்டாம்புல ரப்பர். பேராக்கோட 15 காசு ஸ்டாம்புல சுல்தான் அஸ்லான் ஷா முகமும் ரப்பரும் ஒரே துண்டு காகிதத்துல இருக்கும், அரசாங்கமே அச்சடிச்சது. பழைய ஸ்டாம்பு சேக்கறவங்ககிட்ட கேட்டா கிடைக்கும், வீட்டுல பழைய கடுதாசிக் கட்டு இருந்தா அதுலயும் தேடிப் பாருங்க.